மொரீசியஸில் சிறுநீரகப் பரிசோதனை: மாதிரி கொடுப்பதிலிருந்து அறிக்கை வாசிப்பது வரை

இடுப்புக்கு மேலே முதுகில் வலி வந்தால் முதலில் சிறுநீரகத்தைச் சந்தேகிப்பது மொரீசியஸ் தமிழர்களிடம் நெடுங்காலமாக உள்ள பழக்கம். இடுப்பு வலியைச் சொல்லவும் சிறுநீரகத்தைச் சொல்லவும் பிரெஞ்சில் ஒரே சொல் வழங்குவதும், அந்த மொழி நாள் முழுதும் நம் காதில் விழுவதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கல்லோ கிருமித் தொற்றோ இருந்தால் சிறுநீரகம் வலிக்கலாம். ஆனால் நீரிழிவாலும் உயர் இரத்த அழுத்தத்தாலும் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகத் தேயும் சிறுநீரகம் வலிப்பதில்லை. கால் வீக்கம், அரிப்பு, குமட்டல், பசியின்மை என்று உடல் முறையிடத் தொடங்கும்போது அதன் திறனில் பெரும்பகுதி போயிருக்கும். ஆகவே இரத்தத்தையும் சிறுநீரையும் அளந்துதான் அதன் நிலையை அறிய முடியும்.

இத்தீவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. ஆகவே இது எங்கோ யாருக்கோ உரிய செய்தி அன்று. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஐந்து பேர் உட்கார்ந்தால் அதில் ஒருவருக்கு உரியது. நான் மருத்துவன் அல்லன். பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன், பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளி. மருத்துவர் என்னென்ன சோதனைகளைச் செய்யச் சொல்கிறார், ஏன் சொல்கிறார் என்பதையும், இன்று எடுக்கும் அளவைச் சென்ற முறை எடுத்த அளவோடு நேர்மையாக ஒப்பிடும்படி நம் பக்கத்திலிருந்து எதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

கேட்டுப் பெற வேண்டிய இரண்டு சோதனைகள்

சிறுநீரகத்தைப் பற்றி மருத்துவர் அறிய விரும்புபவை அடிப்படையில் இரண்டு. கழிவை எவ்வளவு வேகமாக வடிக்கிறது என்பது ஒன்று. வடிகட்டியில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்பது மற்றொன்று. முன்னதை இரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவு சொல்லும், பின்னதைச் சிறுநீரில் உள்ள அல்புமின் என்ற புரதம் சொல்லும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகா. கிரியாட்டினின் மிகச் சரியாக இருக்கும் ஒருவருக்குச் சிறுநீரில் அல்புமின் கசிந்துகொண்டிருக்கலாம். நீரிழிவுக்காரர்களில் பலருக்கு முதலில் தெரியும் அடையாளமே அந்தக் கசிவுதான். டிஸ்பான்சேரிலோ மருத்துவமனையிலோ ஆண்டுதோறும் இரத்தம் எடுத்துக்கொண்டும் சிறுநீர்ச் சோதனை ஒருமுறைகூடச் செய்துகொள்ளாதவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். சர்க்கரை அளவைத்தான் பார்க்கிறார்களே என்று அவர்கள் அதோடு விட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை போகும்போது, சிறுநீரில் மைக்ரோஅல்புமின் (சிறிதளவே கசியும் அல்புமின்) பார்த்தாயிற்றா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே இவ்விரு சோதனைகளையும் செய்து, பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது தொடர வேண்டும். அந்த நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்கக்கூடும் என்பதே காரணம். முதல் வகை உள்ளவர்களுக்கு ஐந்து ஆண்டுகள் கழித்துத் தொடங்கினால் போதும். உயர் இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும், பெற்றோரோ உடன்பிறந்தோரோ டயாலிசிஸ் செய்துகொண்ட குடும்பத்தினரும் இதே வரிசையில் வருவார்கள். வலி மாத்திரைகளை நீண்ட நாள் விழுங்கியவர்களும் அவ்வாறே.

சிறுநீரில் குச்சியை நனைத்து நிறம் பார்ப்பது மலிவானது, விரைவானது. ஆனால் அது கரடுமுரடான கருவி. ஒரு கூட்டல் குறி தெரிய வேண்டுமானால் நூறு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம் புரதம் இருக்க வேண்டும். தொடக்க நிலைக் கசிவு அதற்கும் கீழேயே நின்றுவிடும். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் குச்சி நிறம் மாறாமலே இருந்துவிடவும் கூடும். இந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே அல்புமினையும் சிறுநீரிலுள்ள கிரியாட்டினினையும் சேர்த்து அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்து விகிதமாகத் தருகிறார்கள். சிறுநீர் நீர்த்திருந்தால் இரண்டும் சேர்ந்தே குறையும், விகிதம் மாறாது. எடுத்துக்காட்டாக, ஒரு லிட்டரில் அல்புமின் 45 மில்லிகிராமும் கிரியாட்டினின் 9 மில்லிமோலும் இருந்தால் விகிதம் 5.

மாதிரி கொடுக்கும் முன்

இந்தப் பகுதியை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். சோதனைகளில் நேரும் பிழைகளில் பல, ஆய்வகத்துக்குள் நுழைவதற்கு முன்பே நம் கையால் நேர்பவை.

ஓராண்டு தைப்பூசத்தன்று கத்ர் போர்ன் மலைக்கோயிலுக்குக் காவடி எடுத்துச் சென்றேன். பத்து நாள் விரதம்; பிப்ரவரி மாத வெயில்; தார்ச்சாலை அடுப்பாகக் கொதித்தது. கோயிலுக்கு ஏறி இறங்குவதற்குள் சட்டையைப் பிழிந்தால் நீர் சொட்டும் அளவுக்கு வியர்த்திருந்தது. மறுநாள் காலை ஆய்வகத்தில் இரத்தம் கொடுக்க முன்பே நாள் குறித்திருந்ததால், அதை மாற்றுவானேன் என்று போய்க் கொடுத்துவிட்டேன். கிரியாட்டினின் 128 என்று வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு 91. சிறுநீரில் புரதம் இரண்டு கூட்டல். வீட்டில் யாரும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, “முந்தைய நாள் என்ன செய்தீர்கள்?” என்பதுதான். மூன்று வாரம் கழித்து, வழக்கம்போல உண்டு, உறங்கி, மீண்டும் கொடுத்தபோது 94, புரதம் இல்லை. கடும் உழைப்பு தசையை அலைக்கழித்துக் கிரியாட்டினினை ஏற்றும். சிறுநீரில் தற்காலிகமாகப் புரதத்தைத் தள்ளும். உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் யூரியா என்ற கழிவு கூடும். மூன்றும் ஒரே நாளில் எனக்கு வாய்த்தன. காவடி எடுப்பவர்களும் தீமிதிப்பவர்களும் தங்கள் சோதனையை விழாவுக்கு ஒரு வாரம் முன்போ இரண்டு வாரம் பின்போ வைத்துக்கொள்வது நன்று என்று அன்று முதல் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

இறைச்சியும் அப்படித்தான். வேகவைத்த இறைச்சியிலேயே கிரியாட்டினின் உண்டு. அது குடலிலிருந்து நேராக இரத்தத்தில் கலக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பை வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் திங்கள் விடியற்காலை இரத்தம் கொடுத்தால் எண் சற்று உயர்ந்தே வரும். சோதனைக்கு முந்தைய பன்னிரண்டு மணி நேரம் இறைச்சியைத் தவிர்ப்பது போதும். மீனையும் விட்டுவிடுவது நல்லது. அதற்காக ஒருமுறை விரத காலத்திலும் அடுத்த முறை திருமண விருந்துக்கு மறுநாளிலும் கொடுத்தால் இரண்டு எண்களையும் அருகருகே வைப்பதில் பொருள் இல்லை. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே நிலையில் கொடுப்பதே குறி.

தண்ணீரை வழக்கமான அளவில் குடியுங்கள். “கழுவி விட்டால் நல்ல எண் வரும்” என்று சிலர் காலையில் இரண்டு லிட்டர் குடித்துவிட்டு வருகிறார்கள். அதனால் சிறுநீரகம் நலமாகிவிடாது, மருத்துவருக்குத்தான் குழப்பம். சர்க்கரையையும் கொழுப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் வெறும் வயிறு தேவைப்படலாம். கிரியாட்டினினுக்கு மட்டும் என்றால் வெறும் வயிறு கட்டாயமில்லை.

சிறுநீர் மாதிரிக்குக் காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீர் சிறந்தது. பகலில் நிற்பதும் நடப்பதும் சிலருக்குப் புரதத்தைக் கூட்டும். படுத்துறங்கிய இரவின் சிறுநீரில் அந்தத் தொல்லை இல்லை. தொடக்கத்தில் வரும் சிறிதளவை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். காய்ச்சல் இருந்தாலோ, சிறுநீர் எரிச்சலோடு கிருமித் தொற்று இருந்தாலோ, மாதவிடாய் நாள்களிலோ கொடுக்க வேண்டாம். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ கட்டுக்கடங்காமல் எகிறிய வாரத்திலும் எண் பொய்யாக ஏறும். முதல் முறை அல்புமின் கூடியிருந்தால் அதை உடனே நோய் என்று முடிவுகட்ட மாட்டார்கள். மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எடுக்கும் மூன்று மாதிரிகளில் இரண்டிலாவது கூடியிருந்தால்தான் உறுதி.

இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீர்ச் சேகரிப்பு இப்போது குறைந்துவிட்டது. கேட்டால் மட்டும் செய்யுங்கள். கேட்டுவிட்டால், காலை ஏழு மணிக்குக் கழிப்பதைக் கழிவறையிலேயே விட்டுவிட்டு, அதன்பின் ஒரு சொட்டும் விடாமல் பாட்டிலில் சேர்த்து, மறுநாள் காலை ஏழு மணிக்குக் கழிப்பதையும் அதிலேயே சேர்த்து முடிக்க வேண்டும். முதல் நாள் காலையதையும் சேர்த்துவிடுவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. இடையில் ஒருமுறை வெளியே கழித்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிட்டு, மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.

மருந்துகளையும் மூலிகைகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முழங்கால் வலிக்காக டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்றவற்றைக் கடையில் வாங்கி விழுங்கியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அவை சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. டிரைமெத்தோபிரிம் கலந்த நுண்ணுயிர்க்கொல்லியோ சிறுநீரகத்தைக் கெடுக்காமலேயே கிரியாட்டினினை உயர்த்திக் காட்டும். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் சாப்பிடும் கிரியாட்டின் தூளும் எண்ணை ஏற்றும். பாட்டி சொன்ன திசான் கஷாயம் என்றாலும் அதில் என்ன இலை போட்டது என்று சொல்ல வேண்டும். நம் வீட்டுக் கொல்லைகளில் காய்க்கும் பிலிம்பிக்காயைச் சர்க்கரைக்கு நல்லது என்று நம்பிச் சாறு பிழிந்து குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள ஆக்சலேட் உப்பு சிறுநீரகத்தில் படிந்து, நல்ல சிறுநீரகத்தையே திடீரெனச் செயலிழக்கச் செய்த நிகழ்வுகள் கேரளத்திலிருந்து மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ஊறுகாயாக ஒரு துண்டு தொட்டுக்கொள்வது வேறு, கோப்பை கோப்பையாகக் குடிப்பது வேறு. காரம்போல் எனப்படும் நட்சத்திரப் பழத்தையோ, சிறுநீரகத் திறன் குறைந்தவர்கள் தொடவே கூடாது. அதன் நஞ்சை வெளியேற்ற முடியாத உடலில் அது மூளையைத் தாக்கி, விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகும்.

அறிக்கையை வாசிப்பது

கிரியாட்டினின் என்பது தசையின் தேய்மானக் கழிவு. ஆகவே தசை மிகுந்தவருக்கு இயல்பாகவே கூடுதலாகவும், மெலிந்தவருக்குக் குறைவாகவும் இருக்கும். இந்த ஒரு செய்தி தெரியாததால் எவ்வளவோ பேர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், அதைவிடப் பலர் தேவையில்லாமல் நிம்மதி அடைகிறார்கள். கிரியாட்டினின் 97 மைக்ரோமோல் என்று ஓர் இருபத்தைந்து வயது இளைஞருக்கும் ஓர் அறுபத்தைந்து வயது அம்மையாருக்கும் ஒரே நாளில் அறிக்கை வந்தது என்று வைத்துக்கொள்வோம். வயதையும் பாலினத்தையும் சேர்த்து இன்று வழங்கும் சமன்பாட்டில் போட்டால், இளைஞரின் வடிதிறன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 96 மில்லிலிட்டர். அம்மையாருடையது ஏறத்தாழ 56. தாளில் எண் ஒன்றே. ஒருவர் நலம், மற்றவர் கவனிக்கப்பட வேண்டியவர். இந்தக் கணக்கிட்ட வடிதிறனைத்தான் அறிக்கையில் இஜிஎஃப்ஆர் என்று அச்சிடுகிறார்கள். அது அச்சிடப்படவில்லையானால் கேளுங்கள். கிரியாட்டினினை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். வடிதிறனில் பாதி போகும் வரையிலும் கிரியாட்டினின் இயல்பு எல்லைக்குள்ளேயே நின்றுவிடக்கூடும்.

தொண்ணூறும் அதற்கு மேலும் என்றால் இயல்பு. 60 முதல் 89 வரை உள்ள எண்ணைச் சிறுநீரில் கசிவோ வேறு சேதத்தின் அடையாளமோ இல்லாதபோது நோய் என்று கொள்வதில்லை. நாற்பது வயதுக்குப் பின் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு புள்ளி இயல்பாகவே இறங்கும். 45 முதல் 59 வரையும், 30 முதல் 44 வரையும் மூன்றாம் நிலையின் இரு பிரிவுகள். 15 முதல் 29 வரை நான்காம் நிலை. 15க்குக் கீழே ஐந்தாம் நிலை. அல்புமின் விகிதம் 3க்குக் கீழே இருந்தால் இயல்பு, 3 முதல் 30 வரை மிதமான கசிவு, 30க்கு மேல் கடுமையான கசிவு. இந்த இரண்டு அளவுகோலையும் மருத்துவர் ஒரு கட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பார்க்கிறார். வடிதிறன் 70 இருந்து கசிவு 40 இருப்பவர், வடிதிறன் 55 இருந்து கசிவே இல்லாதவரைவிடக் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் அதுதான் உண்மை. மேலும், குறைபாடு மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் மட்டுமே நாட்பட்ட சிறுநீரக நோய் என்ற பெயரைச் சூட்டுவார்கள். ஒரு தாளை வைத்துக்கொண்டு அந்தப் பெயரைத் தனக்குத் தானே சூட்டிக்கொள்ளக் கூடாது.

அலகுகளில் ஒரு பொறி இருக்கிறது. இங்கே எனக்குக் கிடைக்கும் அறிக்கைகளில் கிரியாட்டினின் மைக்ரோமோலில் வருகிறது. நம்மில் பலர் சிகிச்சைக்குச் சென்னைக்குப் போய் வருகிறோம். அங்கே அதையே மில்லிகிராமில் தருவார்கள். இங்கே 106 என்று வந்தது, அங்கே 1.2 என்று வந்தது, “இந்தியா போனதும் குறைந்துவிட்டது” என்று மகிழ்ந்த மாமா ஒருவர் எங்கள் உறவில் உண்டு. மில்லிகிராம் எண்ணை 88.4 ஆல் பெருக்கினால் மைக்ரோமோல் கிடைக்கும், 1.2 என்பது 106தான். அல்புமின் விகிதத்திலும் அவ்வாறே: இங்கே 3 என்பது, கிராமுக்கு மில்லிகிராம் என்று தரும் அறிக்கையில் ஏறத்தாழ 30.

சமன்பாடும் மாறும். 2009இல் வந்த கணக்கு, கறுப்பினத்தவர் என்றால் ஒரு தனிப் பெருக்கியைச் சேர்த்தது. 2021இல் வெளியான திருத்தம் அதை நீக்கிவிட்டது. ஆப்பிரிக்கா, இந்தியா, சீனா, ஐரோப்பா என்று எல்லாக் குருதியும் ஒரே குடும்பத்துக்குள் கலந்து கிடக்கும் நம் தீவில் அந்தப் பெருக்கியை யாருக்குப் போடுவது என்பது எப்போதும் விடையில்லாக் கேள்வியாகவே இருந்திருக்கும். நமக்கு இதில் நடைமுறைப் பயன் ஒன்றே: ஆய்வகத்தை மாற்றினால், அல்லது ஆய்வகமே சமன்பாட்டை மாற்றினால், சிறுநீரகம் மாறாமலே வடிதிறன் சில புள்ளிகள் நகரும். முடிந்தவரை ஒரே ஆய்வகத்துக்குப் போங்கள்.

மிக மெலிந்த முதியவர்கள், கை கால் இழந்தவர்கள், பயிற்சியால் உடலைப் பருக்கச் செய்தவர்கள் ஆகியோருக்குக் கிரியாட்டினின் வழிகாட்டாது. அவர்களுக்கு சிஸ்டாட்டின் சி என்ற புரதத்தை அளக்கச் சொல்லலாம். அது தசையைப் பொறுத்ததன்று. தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டு மருந்தும் அதையும் குழப்பக்கூடும். எந்த அளவுக்கும் அதனதன் சறுக்கல் உண்டு.

பிற சோதனைகள்

பொட்டாசியம் இயல்பாக 3.5 முதல் 5 வரை இருக்கும். 6ஐத் தாண்டினால் இதயத் துடிப்பைக் குலைக்கும் ஆபத்து உண்டு என்பதால் மருத்துவர்கள் அன்றே தொலைபேசியில் அழைப்பார்கள். எங்கள் அக்காவுக்கு ஒருமுறை 6.3 என்று வந்து, இரவில் மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே மீண்டும் எடுத்தபோது 4.4. கையில் கட்டிய ரப்பர் பட்டையை அவிழ்க்காமல், “கையை மூடித் திற, மூடித் திற” என்று சொல்லி, நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்தி எடுத்த இரத்தத்தில் அணுக்கள் உடைந்து அவற்றின் பொட்டாசியம் வெளியே வந்திருந்தது. உடைந்த இரத்தத்தின் அடையாளமாகப் பெரும்பாலும் அறிக்கையின் அடியில் ஒரு சிறு குறிப்பு இருக்கும், அதைப் பாருங்கள். ஆனால் பொய்யாக இருக்கலாம் என்று நினைத்து மீள்சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது; அக்காவோடு இரவிலேயே ஓடியது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அல்ட்ராசவுண்டு ஸ்கேன் சிறுநீரகத்தின் உருவத்தைக் காட்டும், திறனைக் காட்டாது. வயது வந்தவருக்கு அதன் நீளம் 10 முதல் 12 சென்டிமீட்டர் இருக்கும். சுருங்கி மெலிந்திருந்தால் நோய் பழையது என்று பொருள். நீரிழிவில் மட்டும் நோய் முற்றிய பின்னும் அளவு குறையாமல் இருப்பதுண்டு. கல், கட்டி, நீர்க்கட்டி, பிராஸ்டேட் வீங்கியதால் சிறுநீர் தேங்கிய நிலை ஆகியவை ஸ்கேனில் தெரியும். சிறுநீர்ப்பையை நிறைத்துக்கொண்டு வரச் சொன்னால் அப்படியே வாருங்கள். இடையில் போய்விட்டு வந்தால் மீண்டும் வரிசை.

சிறுநீரை உருப்பெருக்கியில் பார்ப்பது பழைய கலை. வடிகட்டியிலிருந்து வரும் இரத்த அணு உருக்குலைந்தும், குழாயின் அச்சில் வார்த்ததுபோல உருண்டும் வரும். கல்லால் வரும் அணு முழு உருவில் இருக்கும். காரணம் தெரியாதபோது, அல்லது திடீரென வடிதிறன் சரியும்போது பயாப்சி செய்வார்கள். குப்புறப் படுக்க வைத்து, முதுகுப்புறம் மரத்துப்போகச் செய்து, ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியால் நூல்போன்ற துணுக்கை எடுப்பார்கள். பிறகு சில மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும்; இரத்தக் கசிவே இதன் முக்கிய ஆபத்து. ஆஸ்பிரின் போன்ற மருந்துகளை எப்போது நிறுத்துவது என்பதை முன்கூட்டியே கேளுங்கள்.

நோய் முன்னேறியவர்களுக்கு இரத்தச் சிவப்பணு அளவு, கால்சியம், பாஸ்பேட், பைகார்பனேட் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். ஹெச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு இவர்களுக்கு நம்பத்தக்கதன்று. இரத்தசோகையால் அது தவறிக் காட்டும்.

தொடர்ந்து கண்காணிப்பது

கசிவு இல்லாமல் வடிதிறன் 45க்கு மேல் இருப்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும். 30 முதல் 44 வரை, அல்லது மிதமான கசிவு என்றால் இரண்டு அல்லது மூன்று முறை. 30க்குக் கீழே மூன்று நான்கு முறை.

இங்கே நான் மிகவும் வற்புறுத்துவது ஒரு சிறு குறிப்பேடு. பள்ளிப் பயிற்சிப் புத்தகம் ஒன்றே போதும். நாள், ஆய்வகம், கிரியாட்டினின், வடிதிறன், அல்புமின் விகிதம், பொட்டாசியம், இரத்த அழுத்தம், எடை என்று கோடு போட்டு, கடைசிக் கட்டத்தில் அந்த வாரம் நடந்ததை எழுதுங்கள்: “வயிற்றுப்போக்கு”, “புது மாத்திரை”, “விரதம்”. மருத்துவமனைக் கோப்பு ஓரிடத்திலும், தனியார் ஆய்வக அறிக்கை வேறிடத்திலும், சென்னையில் எடுத்தது இன்னோரிடத்திலும் கிடக்கும் நம் வழக்கத்தில், எல்லாவற்றையும் ஒருசேர வைத்திருக்கக்கூடியவர் நோயாளி ஒருவரே. ஒருவருடைய எண்கள் நான்கு ஆண்டுகளாக 57, 55, 58, 56 என்று நிற்கின்றன. மற்றொருவருடையவை இரண்டே ஆண்டில் 82, 74, 65 என்று இறங்குகின்றன. இன்றைய எண்ணை மட்டும் பார்ப்பவர் முன்னவருக்காகக் கவலைப்படுவார். குறிப்பேட்டைப் பார்க்கும் மருத்துவர் பின்னவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். ஆண்டுக்கு ஐந்து புள்ளிகளுக்கு மேல் தொடர்ந்து சரிவது விரைவான சரிவு என்று கொள்ளப்படுகிறது. ஓரிரு புள்ளி ஏற்ற இறக்கமோ அளவையின் இயல்பான ஆட்டம்; அதற்கு உறக்கம் கெட வேண்டாம்.

இரத்த அழுத்தத்தை வீட்டிலும் அளக்க வேண்டும். ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, இரண்டு முறை எடுத்துக் குறியுங்கள். கருவியின் பட்டை மேற்கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். சிறிய பட்டை எண்ணைக் கூட்டிக் காட்டும். 130க்கு 80க்குக் கீழே என்பது பலருக்கும் வைக்கப்படும் இலக்கு. உங்கள் இலக்கை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும்.

புதிய மருந்து தொடங்கும்போது எண் மாறுவதைக் கண்டு தானாக நிறுத்திவிடுவது நான் அடிக்கடி காணும் தவறு. பெரின்டோப்ரில், ராமிப்ரில், லோசார்டன் போன்ற இரத்த அழுத்த மருந்துகள் சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைத்துக் காப்பவை. அப்படிக் குறைப்பதாலேயே தொடக்கத்தில் கிரியாட்டினின் சற்று ஏறும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் மீண்டும் பார்த்து, ஏற்றம் முப்பது விழுக்காட்டுக்குள் இருந்தால் மருத்துவர்கள் பொதுவாக மருந்தைத் தொடர்வார்கள். பொட்டாசியத்தையும் அதோடு சேர்த்துப் பார்ப்பார்கள். எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் ஆகிய சர்க்கரை மருந்துகளிலும் முதலில் வடிதிறனில் ஒரு சிறு இறக்கம் உண்டு. பிறகு சரிவு மெதுவாகிறது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வடிதிறன் 30க்குக் கீழே போனால் நிறுத்துவார்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து உடல் வற்றும் நாள்களில் இவற்றில் எதை நிறுத்தி வைப்பது என்பதை நலமாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்; கோடையில் வயிறு கெடும்போது கேட்க நேரம் இருக்காது.

நிபுணரிடம் போக வேண்டிய நேரம்

வடிதிறன் 30க்குக் கீழே இறங்கினாலோ, அல்புமின் விகிதம் 30க்கு மேலேயே நின்றாலோ, சரிவு விரைவாக இருந்தாலோ, காரணம் தெரியாமல் சிறுநீரில் இரத்தம் தொடர்ந்தாலோ, நான்கு மருந்துக்கும் இரத்த அழுத்தம் அடங்காவிட்டாலோ சிறுநீரக நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சையும் டயாலிசிஸும் கட்டணமின்றிக் கிடைப்பது நம் நாட்டின் பெரிய பேறு. ஆனால் காலத்தோடு போனால்தான் அந்தப் பேற்றின் முழுப் பயன் கிட்டும். டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று பேச்சு எழுந்த நாள் முதல், எழுதாத கையில் மணிக்கட்டுக்கு மேலே எங்கும் ஊசி குத்த விடாதீர்கள். இரத்த நாளங்களை இணைத்து அமைக்கும் ஃபிஸ்டுலாவுக்கு அந்தக் கையின் நரம்புகள் கெடாமல் இருக்க வேண்டும். அது முதிர்ந்து பயன்படச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். இரத்தம் எடுக்க வருபவர் அந்தக் கையைப் பிடித்தால், “இதில் வேண்டாம்” என்று சொல்லி மற்றக் கையை நீட்டுங்கள். காரணம் கேட்டால் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டலாம். புறங்கை நரம்பில் எடுக்கவும் சொல்லலாம். அக்கா தன் இடக்கைச் சட்டையில் ஒரு சிவப்பு நாடாவைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். மயங்கிக் கிடந்தாலும் யாராவது பார்ப்பார்கள் என்பது அவள் கணக்கு.